தாடை இல்லாதவை தந்த பல்

சென்ற மாதம் லாம்ப்ரே என்ற, இன்றும் வாழ்கிற, விலாங்கு போன்ற மீனைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். பதில் எழுதும் வேகத்தில், "லாம்ப்ரேயைப் போலத் தாடை இல்லாமல், ஆனால் தலை முழுக்க எலும்புக் கவசம் மாட்டிக்கொண்டு திரிந்த மீன்களும் ஒரு காலத்தில் இருந்தன" என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. கல்லூரியில் முப்பது பேர் உட்கார்ந்த வகுப்பில் இதே பாடத்தை நடத்தும்போது ஒருவர்கூடக் கை தூக்கியதில்லை. ஆகவே இந்த மாதம் முழுக்க, ஆஸ்ட்ரகோடெர்ம் என்று பொதுப்பெயர் கொண்ட இந்தக் கவச மீன்கள்தான். பல்லி சாபம், வெண்டைச் செடியில் பூச்சி, கொசுவர்த்தி எல்லாம் அடுத்த மாதம்.

மேடம், என் மகன் போனில் ஒரு மீன் படத்தைக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறான். முகத்துக்கு முன்னால் இரண்டு உருண்டைக் கண், நடுவில் முக்கோண வாய், ஏதோ கெட்ட சேதி கேட்ட மாதிரி விழிக்கிறது. நிஜமாகவே இப்படி ஒரு மீன் இருந்ததா, கம்ப்யூட்டரில் செய்ததா?
— வி. ஆர்., திண்டுக்கல்

இருந்தது. சகபாம்பாஸ்பிஸ் என்று பெயர். உங்கள் மகன் பார்த்தது, ஃபின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வைத்திருக்கும் மாதிரி உருவத்தின் படமாக இருக்கும். 2023-இல் அந்தப் படம் இணையத்தில் போகாத ஊர் இல்லை.

சிரிப்பு மூட்டுவதற்காக யாரும் அந்தக் கண்களை அங்கே ஒட்டவில்லை. உண்மையிலேயே அந்த மீனுக்குக் கண்கள் இரண்டும் மூக்கு முனையில், பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன. பொலிவியாவின் கோச்சபாம்பா பகுதியில், சகபாம்பில்லா என்ற சிற்றூரை ஒட்டிய பாறைகளில் கிடைத்தது இது. 1986-இல் விவரித்துப் பெயர் வைத்தார்கள். இன்றைக்கு ஆண்டிஸ் மலைமேல் இருக்கும் அந்த இடம், ஏறத்தாழ 45 கோடி ஆண்டுக்கு முன் ஆழமில்லாத கரையோரக் கடல். மீன்கள் ஒன்றிரண்டு அல்ல, ஒரே இடத்தில் கும்பலாகச் செத்துக் கிடந்தன. கூடவே லிங்குலா இனத்து ஓட்டுயிர்களும் கொத்துக் கொத்தாக. ஆற்று வெள்ளம் திடீரென்று கடலுக்குள் பாய்ந்து, உப்பு குறைந்து, தப்பிக்க வழியில்லாமல் மாண்டிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அவற்றுக்குக் கெட்ட நாள். நமக்கு நல்ல நாள், முழு மீனாகக் கிடைத்தனவே!

நீளம் சுமார் ஓர் அடி. தலைக்கு மேலே ஒரு பெரிய எலும்புத் தகடு, கீழே ஒன்று, இரண்டுக்கும் நடுவில் செவுளை மூடி வரிசையாகச் சின்னத் தகடுகள். பின்னுடம்பு முழுக்கப் பட்டை பட்டையான செதில்கள். வாலைத் தவிர வேறு துடுப்பே கிடையாது. அந்த வால்தான் விசேஷம்: முதுகுநாண் (முதுகெலும்புக்கு முன்னோடியான வளையும் தண்டு) வாலையும் தாண்டி ஒரு கம்பி மாதிரி நீண்டு, நுனியில் தனியாக ஒரு குட்டித் துடுப்போடு முடிகிறது. 2007-இல்தான் இது சரியாகத் தெரியவந்தது. ஹெல்சிங்கி மாதிரியின் வாலில் இதையெல்லாம் தேடாதீர்கள்.

பாலைவன நாட்டில் வேலை பார்க்கும் வாசகர்களுக்கு ஒரு தகவல்: இதே இனத்தின் துண்டுகள் ஓமன் நாட்டுப் பாறைகளிலும் கிடைத்திருக்கின்றன. பொலிவியா எங்கே, மஸ்கட் எங்கே என்று கேட்காதீர்கள். அன்றைக்கு இரண்டும் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலத்தின் கரைகள்.

தாடை இல்லை என்றால் எப்படித்தான் தின்றன? பாவமாக இருக்கிறது.
— எஸ். பானு என்று மட்டும் கையெழுத்திட்ட வாசகி, காரைக்குடி

பாவப்பட வேண்டாம். பத்துக் கோடி ஆண்டுகள் பட்டினி கிடக்காமல் வாழ்ந்த கூட்டம் அது.

பெரிதாக எதையும் கடிக்க முடியாது என்பது உண்மைதான். அதனால் என் மாணவப் பருவத்தில் "சேற்றை அள்ளித் தின்றன" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். சேற்றை அள்ளினால் வாய் தேய வேண்டுமே? மணல் தேய்த்த தடம் எலும்பில் தெரிய வேண்டுமே? இந்தக் கூட்டத்து டெராஸ்பிஸ் வகை மீன்களின் வாய்க்குக் கீழே விரல் விரலாக எலும்புத் தகடுகள் இருக்கும். அந்தத் தகடுகளின் நுனியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர் மார்க் பர்னெல் என்ற ஆங்கில ஆய்வாளர். 2002-இல் வெளியிட்டார். தேய்மானம் இல்லை. அதோடு, தகட்டில் இருந்த நுண்ணிய முட்கள் வெளிப்பக்கம் பார்த்து நின்றன. இரையைப் பிடித்து உள்ளே தள்ளும் வாய் என்றால் முள் உள்பக்கம் அல்லவா சாய்ந்திருக்கும்? எனவே இவை சேற்றைச் சுரண்டவும் இல்லை, எதையும் வேட்டையாடவும் இல்லை. தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தண்ணீரோடு உள்ளே விட்டு, செவுளில் வடிகட்டித் தின்றன. அந்த முட்கள் பெரிய துகள் உள்ளே போகாமல் தடுத்திருக்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் அதே வகையைச் சேர்ந்த ரைனோப்டெராஸ்பிஸ் என்ற மீனின் வாயை, கல்லை உடைக்காமலே, சி.டி. ஸ்கேன் மூலம் முப்பரிமாணமாக எடுத்துப் பார்த்தார்கள். தகடுகள் கொஞ்சமாகத்தான் அசைந்திருக்க முடியும் என்று அதிலும் தெரிந்தது. திறந்து மூடலாம், கவ்வ முடியாது.

எல்லாமே ஒரே மாதிரி உண்டன என்று நினைத்துவிடாதீர்கள். இதே கூட்டத்தில் சம்மோஸ்டிட் என்ற தட்டையான பெரிய மீன்கள் உண்டு. ஒரு மீட்டருக்கு மேல் வளரும். அவற்றின் அடிப்பக்கக் கவசம் நன்றாகவே தேய்ந்திருக்கிறது. கடலடியில் உரசிக்கொண்டே நகர்ந்தன என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். தேயத் தேய அவை என்ன செய்தன தெரியுமா? உள்ளே இருந்த பஞ்சு போன்ற எலும்பின் துளைகளைப் பல்லின் பொருளான டென்டைனைக் கொண்டு நிரப்பிக்கொண்டன. உரசும் இடத்தை உள்ளிருந்தே கெட்டிப்படுத்தும் ஏற்பாடு. செத்த ஓடு இப்படிச் செய்யாது. உயிருள்ள திசுதான் செய்யும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

கடலில் பெரிய பெரிய தேள்கள் இருந்ததாகவும், அவற்றுக்குப் பயந்துதான் இந்த மீன்கள் கவசம் போட்டுக்கொண்டதாகவும் ஒரு வீடியோவில் பார்த்தேன். சரிதானா ஐயா?
— கே. எம்., ஈரோடு

முதலில், நான் ஐயா இல்லை, அம்மா. பத்தியின் தலையில் என் படம் போடாததன் விளைவு இது. போகட்டும்.

அந்த வீடியோக்காரர் சொன்னது 1933-இல் ஆல்ஃபிரட் ரோமர் என்ற அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் முன்வைத்த கருத்து. கடல்தேள்கள் இருந்தது மெய். ஜெர்மனியில் கிடைத்த ஒரு கொடுக்கு மட்டுமே 46 செ.மீ. நீளம். அதை வைத்துக் கணக்கிட்டால் அந்தத் தேள் இரண்டரை மீட்டர் வருகிறது. நம்மில் யாரும் அதன் முன் நின்றால் நமக்கும் ஒரு கவசம் வேண்டும் என்றுதான் தோன்றும். மீன் கவசங்களில் கடிபட்டு ஆறிய வடுக்களும் உண்டு. ஆகவே பாதுகாப்பு ஒரு காரணம் என்பதை யாரும் மறுக்கவில்லை.

ஆனால் "கவசம்" என்று சொன்னதுமே நமக்கு இரும்புச் சட்டை நினைவுக்கு வந்துவிடுகிறது. பிரச்சினை அங்கேதான். பழைய ஆட்களும் அந்த மயக்கத்தில் விழுந்தவர்களே. 1847-இல் ரூடால்ஃப் க்னெர் என்பவர், இன்றைய உக்ரைன் பக்கம் கிடைத்த டெராஸ்பிஸ் கவசத்தைப் பார்த்துவிட்டு, இது கணவாயின் உள்ளோடு என்று முடிவு கட்டினார். மீன் கடைகளில் கணவாய் ஓட்டைப் பார்த்தவர்கள் அவரைக் குறை சொல்ல மாட்டீர்கள், வடிவம் அப்படித்தான் இருக்கும். பதினொரு ஆண்டு கழித்து, 1858-இல், தாமஸ் ஹக்ஸ்லி அதை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் வைத்தார். கணவாய் ஓட்டின் அமைப்பே இல்லை. அடியில் அடுக்கடுக்கான தகடு, நடுவில் அறை அறையான பகுதி, மேலே வரி வரியாக டென்டைன். முதுகெலும்புள்ள உயிருக்கு மட்டுமே உரிய திசு.

இந்த இடத்தில்தான் என் மாணவர்களிடம் நான் நிறுத்துவேன். எலும்பு என்றால் உடம்புக்குள் இருப்பது என்று நாம் நினைக்கிறோம். வரலாற்றில் எலும்பு முதலில் வந்தது வெளியில், தோலில். இந்த மீன்களின் உள்ளே முதுகெலும்புக் கோவை கிடையாது, வெறும் முதுகுநாணும் குருத்தெலும்பும்தான். உள்ளே மெத்தென்று, வெளியே கெட்டி. கால்சியமும் பாஸ்பேட்டும் சேமித்து வைக்கும் இடமாகவும் அந்தத் தோல் எலும்பு பயன்பட்டிருக்கும் என்பது இன்னொரு வாதம். எனக்கு அதில் உடன்பாடுதான். நம் எலும்பும் இன்றுவரை அந்த வேலையைச் செய்கிறதே.

மூன்றாவது வேலை ஒன்று இருக்கிறது. அதுதான் எனக்குப் பிடித்தது. அடுத்த கேள்விக்காரர் தெரியாமலே அதைத் தொட்டிருக்கிறார்.

டீச்சர், மீன் கேள்வி இல்லை, மன்னிக்கவும். ஐஸ் தண்ணீர் குடித்தால் பல் கூசுகிறதே, ஏன்? பல் என்பது கல் மாதிரிதானே?
— ஜே. ஏ., நாகர்கோவில்

மன்னிப்பு எதற்கு? இதுவும் மீன் கேள்விதான்.

பல்லின் மேலே எனாமல், அதற்குள் டென்டைன். டென்டைனுக்குள் தலைமுடியைவிட மெல்லிய குழாய்கள் லட்சக்கணக்கில் ஓடுகின்றன. உள்ளே பல்கூழில் நரம்பு. எனாமல் தேய்ந்தாலோ ஈறு இறங்கினாலோ குழாய் வாய் திறந்து, குளிர் பட்டதும் உள்ளிருக்கும் திரவம் அசைகிறது. நரம்பு கத்துகிறது. பல் டாக்டரைப் பாருங்கள், என்னால் இதற்கு மேல் உதவ முடியாது.

ஆனால் கடிக்க மட்டுமே பயன்படும் பொருளுக்குள் எதற்கு இவ்வளவு உணர்ச்சி? 2025-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யாரா ஹரிடி, நீல் ஷூபின் குழுவினர் இதற்கு ஒரு பதில் சொன்னார்கள். அவர்கள் கிளம்பியது வேறு எதையோ தேடி. உலகின் மிகப் பழைய முதுகெலும்பி எது என்பது அவர்கள் கேள்வி. சுமார் 50 கோடி ஆண்டுக்கு முந்தைய கேம்பிரியன் காலத்து அனடோலெப்பிஸ் என்ற துண்டுகள்தான் அது என்று வெகுநாள் பேச்சு, ஏனென்றால் அவற்றில் டென்டைன் குழாய் போன்ற துளைகள் இருந்தன. சின்க்ரோட்ரான் என்ற பெரிய எந்திரத்தின் சக்திவாய்ந்த எக்ஸ்ரேயில் உற்றுப் பார்த்தபோது, அந்தத் துளைகள் நண்டு, பூச்சி வகைகளின் ஓட்டில் இருக்கும் உணர்வுத் துளைகளோடு பொருந்தின. ஆக அனடோலெப்பிஸ் மீனே இல்லை, கணுக்காலி. அடுத்து வரிசையில் நின்றது நம் கூட்டத்து எரிப்டைகியஸ். அமெரிக்காவின் கொலராடோவில், ஹார்டிங் மணற்பாறையில் கிடைக்கும், கேம்பிரியனை அடுத்து வந்த ஆர்டோவிசியன் கால மீன். அதன் கவசத்தில் பொடிப் பொடியாக எழும்பிய புடைப்புகள், உள்ளே அசல் டென்டைன், அசல் குழாய்கள். இன்றைய சுறா, திருக்கை, வாயால் ஒட்டிக்கொள்ளும் கெளுத்தி ஆகியவற்றின் தோல் முட்களுக்கும் நரம்பு போகிறது என்பதையும் அதே குழு காட்டியது. கடைசியாகச் சொன்ன கெளுத்தியின் உறவுகளை, மீன் தொட்டிக் கடையில் "டேங்க் கிளீனர்" என்று விற்பார்கள். நம் ஏரிகளில் யாரோ விட்டுவிட்டு, இன்று வலை முழுக்க அதுதான் வருகிறது என்று மீனவர்கள் நொந்துகொள்கிறார்கள்.

ஆக, கவசமே ஒரு தோல். தண்ணீரின் குளிரையும் அழுத்தத்தையும் ஆள் வருகிற அசைவையும் தொட்டுணர்ந்த தோல். பிற்காலத்தில் தாடை வந்தபோது, வெளியில் இருந்த அந்தப் புடைப்புகள் வாய்க்குள் இடம் பிடித்துப் பற்களாயின என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். தொண்டைக்குள் தனியே தோன்றின என்போரும் உண்டு. நான் முதல் கட்சி. உங்கள் பல் கூச்சம் 46 கோடி ஆண்டுப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டு கிராம்புத் தைலம் தடவுங்கள்.

டங்கிலியோஸ்டியஸ் இந்தக் கூட்டத்தின் தலைவனா?
— ஆறாம் வகுப்பு மாணவன், ஆம்பூர்

இல்லை கண்ணா. அதற்குத் தாடை உண்டு, அதுவும் பயங்கரமான தாடை. கவசம் போட்டதால் எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள். அது பிளாக்கோடெர்ம் என்ற, தாடையுள்ள கவச மீன்களின் வேறு பிரிவு. பத்து மீட்டர் என்று படத்தில் போட்டிருப்பார்கள். 2023-இல் வந்த கணக்குப்படி நாலு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும்.

கல்லுக்குள் புதைந்த மீனின் மூளையைக்கூடப் படம் போட்டிருக்கிறார்களே, மூளை அழுகாமல் இருந்ததா?
— டி. சி., தஞ்சாவூர்

அழுகிவிட்டது. மூளை இருந்த அறை அழுகவில்லை.

செபலாஸ்பிஸ் என்று ஒரு மீன், லாடம் போல வளைந்த தலைக்கவசம் கொண்டது. 1835-இல் லூயி அகாசி ஸ்காட்லாந்துப் படிவங்களைக் கொண்டு பெயர் வைத்தார். இந்த வகை மீன்களின் தலைக்குள் இருந்த குருத்தெலும்பின் மேல் ஒரு மெல்லிய எலும்புப் பூச்சு படர்ந்திருக்கும். மூளை, நரம்பு, ரத்தக் குழாய் எல்லாம் போன பாதைகளின் உட்சுவரிலும் அந்தப் பூச்சு உண்டு. சதை போனபின் வண்டல் புகுந்து பாதைகள் அப்படியே நின்றுவிட்டன. தென்னஞ்சிரட்டையில் பதநீர்ப் பாகை ஊற்றி எடுக்கும் கருப்பட்டி சிரட்டையின் உட்புறத்தைக் காட்டுவது போல, அந்த வண்டல் மூளையின் உருவைக் காட்டியது.

அதைப் பார்க்க வேண்டும் என்று பைத்தியமாக உழைத்தவர் எரிக் ஸ்டென்சியோ, ஸ்டாக்ஹோம் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காரர். வடதுருவத்தை ஒட்டிய ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுகளிலிருந்து வந்த கற்களை எடுத்துக்கொண்டார். ஒரு தலையைக் கொஞ்சமே கொஞ்சம் தேய்ப்பது, தெரியும் பரப்பைப் பதிவு செய்வது, மறுபடி தேய்ப்பது. பிறகு ஒவ்வொரு பரப்பையும் பெரிதாக்கி மெழுகுத் தகட்டில் வெட்டி அடுக்குவது. கடைசியில் மெழுகில் பெரிய மீன் தலை ஒன்று எழுந்து நிற்கும், கல் தூளாகப் போயிருக்கும். 1927-இல் அவர் வெளியிட்ட நூலில் மூளை நரம்புகள், உட்செவி, ரத்தக் குழாய்கள் எல்லாம் இருந்தன. நமக்கு உட்செவியில் மூன்று அரைவட்டக் குழாய்கள், அந்த மீனுக்கு இரண்டு. கண்களுக்கு நடுவே ஒற்றை மூக்குத் துளை, அதற்குப் பின்னே பினியல் துளை, அதாவது ஒளியை உணரும் உறுப்புக்கான துளை. தலையின் ஓரங்களில் சிறு தகடுகள் பதித்த பட்டைகள் உண்டு. உட்செவியிலிருந்து தடித்த குழாய்கள் அங்கே போவதைக் கண்டு, மின்சாரம் பாய்ச்சும் உறுப்பு என்று ஸ்டென்சியோ நினைத்தார். அதிர்வை உணரும் உறுப்பு என்பதே இப்போது பலரின் எண்ணம். எனக்கும் இதுவே பொருத்தமாகப் படுகிறது. தாடையே இல்லாத மீன் யாருக்கு ஷாக் கொடுக்கப்போகிறது?

இன்றைக்குக் கல்லைத் தூளாக்க வேண்டியதில்லை. சீனாவில் கிடைத்த ஷுயூ என்ற மீனின் தலையை சுவிட்சர்லாந்தின் சின்க்ரோட்ரானில் வைத்து 2011-இல் உள்ளே பார்த்தார்கள். தாடை இல்லாத மீன்தான். ஆனால் மூக்குப் பைகள் இரண்டும் நடுவிலிருந்து விலகி, பக்கத்துக்கு ஒன்றாகப் பிரிந்திருந்தன. லாம்ப்ரேயில் நடுவே இருக்கும் ஒற்றை மூக்கே வழியை அடைத்துக்கொண்டிருப்பதால் கருவில் தாடையாக வேண்டிய செல்கள் முன்னால் வர முடிவதில்லை. ஷுயூவில் வழி திறந்துவிட்டது. தாடை வருவதற்கு முன்பே தாடைக்கு இடம் தயார்!

அரியலூர்ப் பக்கம் தேடினால் கிடைக்குமா?
— பி. வி., ஜெயங்கொண்டம்

கிடைக்காது. அங்கே இருப்பது கிரெட்டேசியஸ் பாறை, அதிகம் போனால் பத்துக் கோடி ஆண்டு சொச்சம். இந்த மீன்கள் அதற்கு 25 கோடி ஆண்டுக்கும் முன்பே அற்றுப்போய்விட்டன. அம்மோனைட் கிடைத்தால் சந்தோஷப்படுங்கள், ஊரிலுள்ள அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள், சிமென்ட் ஆலைக்குப் போகவிடாதீர்கள்.

தலையில் இவ்வளவு எலும்பைச் சுமந்துகொண்டு எப்படி நீந்தின? மூழ்கிவிடாதா?
— எம். எஸ்., தூத்துக்குடி

கடல் தெரிந்தவர் கேள்வி. பல மீன்கள் பெரும்பாலும் அடியில்தான் கிடந்திருக்கும். ஆனாலும் எழும்பி நீந்த வழி வைத்திருந்தன, ஆளுக்கு ஒரு வழி.

எர்ரிவாஸ்பிஸ் என்ற மீனின் கவசத்தை மாதிரி செய்து, அதைச் சுற்றி ஓட்டம் எப்படிப் போகிறது என்று 2008-இல் பார்த்தார்கள். முக்கோண இறக்கை கொண்ட போர் விமானங்களில் மேற்புறம் சுழல் உருவாகித் தூக்கிக்கொடுக்குமே, அதே சுழல் இங்கேயும். ஆகவே அந்தத் தலை வெறும் பாரமில்லை, தூக்குகிற இறக்கை. செபலாஸ்பிஸ் வகையில் தலைக்குப் பின்னால் இரு பக்கமும் மார்புத் துடுப்பு வந்துவிட்டது. வாலின் மேல் மடல் நீண்டது. பிர்கீனியா வகையில் நேர்மாறு, வால் கீழ்நோக்கி வளையும், கவசமும் லேசு. டெலோடோன்ட் என்பவை பெரிய தகடுகளையே உதறிவிட்டுப் பொடிச் செதிலோடு திரிந்தன. கனடாவின் மெக்கன்சி மலையில் கிடைத்த சில டெலோடோன்ட்களுக்கு ஆழமாகப் பிளந்த வால், பக்கவாட்டில் தட்டையான உயரமான உடம்பு, உள்ளே பெரிய வயிறு. இதைப் பார்த்து யாரும் சேற்று மீன் என்று சொல்ல மாட்டார்கள்.

2022-இல் சீனாவின் சோங்கிங், ஹூனான் பகுதிகளிலிருந்து துஜியாஸ்பிஸ் என்ற மீனின் படிவம் வந்தது. வயது 43.6 கோடி ஆண்டு. கேலியாஸ்பிட் என்ற இந்தப் பிரிவில் அதுவரை தலைக்கவசம்தான் கையில் இருந்தது, உடம்பு எப்படி இருந்திருக்கும் என்று ஆளாளுக்கு வரைந்துகொண்டிருந்தார்கள். இதில் முழு உடம்பும் பதிந்திருந்தது. தலைக்குப் பின்னிருந்து வால்வரை இரு ஓரத்திலும் இடைவிடாத துடுப்பு! நம் கை, கால்களுக்கு மூலமான இணைத் துடுப்புகள் இப்படி ஒரே நீள ஓரமாகத் தொடங்கிப் பின்பு துண்டுபட்டன என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே ஓடுகிற ஒரு கருத்து. கருத்தாகவே செத்துப்போகும் என்று நினைத்தேன். கல்லில் வந்து நின்றுவிட்டது.

ஆஸ்ட்ரகோடெர்ம்களின் வகைகளை ஐந்து மதிப்பெண் அளவில் எழுதித் தரவும். செமஸ்டர் வருகிறது.
— பெயர் வெளியிட விரும்பாத மாணவி, கோவை

எழுதித் தர மாட்டேன். மேலே சொன்னதிலேயே உங்களுக்கு ஐந்து என்ன, பத்து மதிப்பெண் இருக்கிறது. ஒன்று மட்டும் கூடுதலாக எழுதினால் திருத்துபவர் மகிழ்வார்: ஆஸ்ட்ரகோடெர்ம் என்பது ஒரே குடும்பம் அல்ல, ஒரே மாதிரி உடுத்திக்கொண்ட பல கிளைகளுக்கான பொதுப்பெயர். ரெக்கார்டு நோட்டில் ஃபார்மலின் பாட்டில் லாம்ப்ரேயை வரைந்து "இவற்றின் வாரிசு" என்று எழுதுகிறீர்களே, அது தப்பு. லாம்ப்ரே தனிக் கிளை. கவச மீன்கள் அதைவிட உங்களுக்கும் எனக்கும் நெருங்கிய உறவு. செபலாஸ்பிஸ் வகையும் கேலியாஸ்பிட் வகையும் தாடை வாசல்வரை வந்து நின்றவை.

தாடை உள்ள மீன்கள் வந்து இவற்றைத் தின்று தீர்த்துவிட்டனவா?
— ஆர். பி., புதுச்சேரி

கதையாகக் கேட்க நன்றாக இருக்கும். கல் ஒத்துக்கொள்ளவில்லை. துஜியாஸ்பிஸ் சொன்னேன் அல்லவா, அதே பாறை அடுக்கில் தாடையுள்ள மீன்களும் கிடைத்தன. அதாவது 43.6 கோடி ஆண்டுக்கு முன்பே இரண்டும் ஒரே கடலில். அதன் பிறகும் கவச மீன்கள் ஆறு கோடி ஆண்டுக்கு மேல் இருந்தன, சும்மா ஒதுங்கியல்ல, விதவிதமாகப் பெருகின. ஸ்பிட்ஸ்பெர்கனின் டோரியாஸ்பிஸ் மூக்கில் ரம்பம் வளர்த்துக்கொண்டதெல்லாம் அந்தக் காலத்தில்தான். கடிபட்ட தடங்கள் இருக்கின்றன, தின்னப்படாமல் இல்லை. ஆனால் தின்னப்படுவது வேறு, தீர்ந்துபோவது வேறு.

இவற்றின் பலவீனம் இடம் என்று நான் நினைக்கிறேன். லாரன் சல்லன் குழு 2018-இல் பழைய மீன் படிவங்கள் கிடைத்த இடங்களை எல்லாம் தொகுத்துப் பார்த்தது. முதல் முதுகெலும்பிகள் தோன்றியதும் கிளைத்ததும் ஆழ்கடலிலோ பவளத் திட்டிலோ அல்ல, அலை தொடும் கரையோர ஆழமற்ற நீரில். தடித்த கவசக்காரர்கள் அந்தக் கரையை விட்டு நகரவே இல்லை, போனால் ஆற்றுப் பக்கம் போனார்கள். மெல்லிய உடம்புக்காரர்கள் ஆழத்துக்குப் போனார்கள். கரையை நம்பியவனுக்குக் கடல்மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் வீடு போகும். டெவோனியன் காலத்தின் (சுமார் 42 கோடி முதல் 36 கோடி ஆண்டுக்கு முன்வரை) கடைசியில் கடலும் காலநிலையும் தாறுமாறாக ஆடின. சம்மோஸ்டிட்கள் சுமார் 37 கோடி ஆண்டு வாக்கில் போயின. செபலாஸ்பிஸ் கிளையின் கடைசி ஆட்கள் சிலரைக் கனடாவின் மிகுவாஷா பாறைகளில் காணலாம். 1999 முதல் அது உலகப் பாரம்பரியச் சின்னம். தாடையுள்ள பிளாக்கோடெர்ம்களும் அந்தக் காலத்திலேயே மொத்தமாகப் போய்விட்டன என்பதைச் சேர்த்துப் பாருங்கள். தாடை இருந்தும் தப்பவில்லை.

கடைசியாக ஒன்று. குழம்பு வைத்தால் ருசிக்குமா?
— "மீன் பிரியன்", ராமேஸ்வரம்

இதைக் கேட்கத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன். முள் தொல்லை இருக்காது, முதுகெலும்பே கிடையாதே. ஆனால் பாதி எடை தலைக்கவசத்துக்குப் போய்விடும். சதை வால் பக்கம் கொஞ்சம். தலைக்கறிப் பிரியர் என்றால் அரிவாள்மனை போதாது, சுத்தியல் வேண்டும்.

தாடையில்லா மீனே வேண்டும் என்று அடம்பிடித்தால் லாம்ப்ரே இருக்கிறது. போர்ச்சுகல் நாட்டில் அதை அரிசியோடு சேர்த்து, அதன் ரத்தத்தையும் ஊற்றிச் சமைப்பார்கள், சீசனில் நல்ல விலை. இங்கிலாந்தின் முதலாம் ஹென்றிக்கும் அது உயிர். வைத்தியர் வேண்டாம் என்று தடுத்தும் ஒரு பிடி பிடித்துவிட்டு, 1135-இல் போய்ச் சேர்ந்தார் என்று அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார்.